துணி அலமாரியில் இடவசதியைக் கூட்டுதல்

துணி அலமாரியில் இடவசதியைக் கூட்டுதல் என்பது, படுக்கையறையில் ஏற்கனவே உள்ள மர அலமாரி, சுவர் அலமாரி அல்லது இரும்பு பீரோவின் உட்புறத்தை மாற்றியமைத்து, அதற்குள்ளேயே கூடுதல் துணிகளை வைக்க வழி செய்வதாகும். பெரும்பாலான அலமாரிகளில் வீணாவது உயரமே. அதைப் பயன்படுத்திக்கொண்டால் புதிய அலமாரி வாங்கும் செலவு பல வீடுகளில் தேவைப்படாது. ஆனால், இடம் கூடும்போது எடையும் கூடுகிறது. எனவே அலமாரி சாயாமல் நிற்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

பெயர்

அலமாரி என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியின் 'அர்மாரியோ' என்பதிலிருந்து வந்தது. பீரோ என்பதன் மூலம் பிரெஞ்சுச் சொல். தமிழ்நாட்டு வழக்கில் அலமாரி என்பது பெரும்பாலும் மரத்தாலானதையோ சுவரில் கட்டியதையோ குறிக்கும். பீரோ என்றால் இரும்பாலானதைக் குறிக்கும்.

வீணாகும் இடத்தைக் கண்டறிதல்

முதலில் அலமாரியைக் காலி செய்து, உள் அகலம், ஆழம், உயரம், தட்டுகளுக்கு இடைப்பட்ட உயரம் ஆகியவற்றை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மடித்த துணிகளின் அடுக்கு ஏறத்தாழ 25 செ.மீ.க்கு மேல் உயர்ந்தால் சரியத் தொடங்கும். அடியிலுள்ள ஒன்றை உருவினால் மேலே உள்ளவை கலைந்துவிடும். தட்டுகளுக்கு இடையில் 40 செ.மீ. இருந்தால், ஒவ்வொரு தட்டின் மேலும் 15 செ.மீ. பயன்படாமல் கிடக்கிறது என்று பொருள்.

தட்டுகளைச் சேர்த்தல்

எடுத்துக்காட்டாக, 40 செ.மீ. உயரமுள்ள 4 அறைகள் கொண்ட அலமாரியைக் கொள்வோம். பழைய 3 தட்டுகளையும் இடம் மாற்றி, 18 மி.மீ. தடிமனுள்ள 2 பிளைவுட் தட்டுகளைப் புதிதாகச் சேர்த்தால், தலா ஏறத்தாழ 26 செ.மீ. உயரமுள்ள 6 அறைகள் கிடைக்கும். முன்பு 4 அடுக்குகள் வைத்த இடத்தில் இப்போது 6 அடுக்குகள் வைக்கலாம். அதாவது இடம் ஒன்றரை மடங்காகிறது.

மர அலமாரியில் இருபக்கமும் சட்டங்களைத் திருகாணியால் பொருத்தி, அவற்றின்மேல் தட்டை வைக்கலாம். பின்பக்கமும் ஒரு சட்டம் வைத்தால் தட்டு வளையாது. ஒரு பருத்திச் சேலை ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். 40 சேலைகளை அடுக்கினால் ஒரே தட்டில் 20 கிலோ ஏறிவிடும். நீளமான தட்டின் நடுவில் ஒரு தாங்குபலகை கொடுப்பது நல்லது. தாங்கல்களுக்கு இடைப்பட்ட நீளம் பாதியானால், அதே எடைக்குத் தட்டு வளையும் அளவு எட்டில் ஒரு பங்காகக் குறையும்.

இரும்பு பீரோ பலவற்றில் தட்டை ஏற்றி இறக்க வரிசையாகத் துளைகள் இருக்கும். பீரோ செய்யும் பட்டறையில் அளவு கொடுத்துக் கூடுதல் தட்டு வாங்கி அவற்றில் மாட்டலாம். புதிதாகத் துளையிட நேர்ந்தால், துளையின் விளிம்பில் ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் வண்ணம் அடிக்க வேண்டும். இல்லையேல் துருப்பிடித்துத் துணியில் கறை படியும்.

தொங்கவிடும் பகுதி

ஹேங்கரில் மாட்டிய சட்டைக்கு ஏறத்தாழ 100 செ.மீ. உயரம் போதும். அளவாக மடித்து ஹேங்கரில் போட்ட சேலை ஏறத்தாழ 60 செ.மீ. தொங்கும், ஹேங்கரின் உயரத்தையும் சேர்த்து 70 செ.மீ. வேண்டும். எனவே 180 செ.மீ. உயரமுள்ள பகுதியில், மேல்கம்பியில் சட்டைகளையும் கீழ்க்கம்பியில் சேலைகளையும் தொங்கவிடலாம். நைட்டி, சுடிதார் போன்ற நீளமான உடைகளுக்கு மட்டும் ஒரு பக்கத்தை முழு உயரத்துக்கு விட்டுவைக்க வேண்டும்.

ஹேங்கரைக் குறுக்காக மாட்டக் கதவுக்கும் பின்பலகைக்கும் இடையே ஏறத்தாழ 55 செ.மீ. ஆழம் தேவை. ஆழம் குறைந்த அலமாரியில், முன்பின்னாக நகரும் இழுகம்பியைப் பொருத்தினால் ஹேங்கர்கள் கதவில் இடிக்காது.

கதவும் மேற்புறமும்

கதவின் உட்புறத்தில் துண்டு, பெல்ட், துப்பட்டா போன்ற இலேசான பொருள்களுக்குக் கொக்கிகள் மாட்டலாம். கனமானவற்றைத் தொங்கவிட்டால் கீல் தளர்ந்து கதவு இறங்கிவிடும். அலமாரியின் மேற்புறத்தில் எப்போதாவது எடுக்கும் இலேசான பொருள்களை மட்டுமே வைக்க வேண்டும்.

சாய்ந்து விழும் ஆபத்து

மேல்தட்டுகளில் எடை கூடக்கூட அலமாரியின் புவியீர்ப்பு மையம் மேலே ஏறுகிறது. கதவுகள் திறந்திருக்கும்போதும் இழுப்பறைகள் வெளியே நீண்டிருக்கும்போதும் எடை முன்பக்கம் நகர்கிறது. அந்நிலையில் ஒரு குழந்தை இழுப்பறையில் கால் வைத்து ஏறினால் அலமாரி அப்படியே கவிழலாம். குழந்தைகள் மீது சாய்ந்து உயிரிழப்புகள் நேர்ந்ததால், ஐக்கியா நிறுவனம் 2016இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற அறிவித்தது. 2023 செப்டம்பர் முதல் அந்நாட்டில் இத்தகைய தளவாடங்களுக்குச் சாயாமைச் சோதனை கட்டாயமாக உள்ளது.

இதைத் தடுக்கும் வழி எளியது. சுவரில் துளையிட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, அலமாரியின் மேற்பகுதியை இரண்டு எல் வடிவக் கிளாம்புகளால் சுவருடன் பிணைக்க வேண்டும். போர்வை, ஜமுக்காளம், பட்டுச்சேலைப் பெட்டி போன்ற கனமானவை அடித்தட்டில் இருக்க வேண்டும். குழந்தையை ஏறத் தூண்டும் பொம்மை, தின்பண்டம் போன்றவற்றை மேலே வைக்கக்கூடாது.

காற்றோட்டம்

கிடைத்த இடம் முழுவதையும் நிரப்பிவிடலாகாது. தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்தில், நெருக்கி அடைத்த துணிகளில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் 2 செ.மீ. அளவு இடைவெளி விடுவதும், அடுக்கின் மேல் நான்கு விரல் உயரம் காலியாக விடுவதும், வெயில் அடிக்கும் நாள்களில் கதவைச் சிறிது நேரம் திறந்து வைப்பதும் துணிகளைக் காக்கும்.