வெள்ளை இடமும் 451ம்: சென்சார் தன்னையே எப்படி மறைச்சுக்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

கம்பெனி பஸ்ஸுல பூந்தமல்லி தாண்டி வந்துட்டிருக்கிறவங்க, நைட் ஷிஃப்ட் முடிச்சு இருங்காட்டுக்கோட்டை சிப்காட் பக்கம் டீ குடிச்சுட்டு இருக்கிறவங்க, எல்லாருக்கும் வணக்கம்.

இன்னைக்குத் தலைப்பு சென்சார். சினிமா சென்சாரைப் பத்திப் பேசப் போறதில்லை. ஒரு அரசாங்கம் செய்தியை நிறுத்தும்போது, நிறுத்தினதே நமக்குத் தெரியாம எப்படிப் பார்த்துக்குது? அதுதான் கேள்வி.

அசெம்ப்ளி லைன்ல வேலை பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். லைன்ல ஏதாவது கோளாறு கண்ணுல பட்டா கயிறை இழுப்பாங்க, இல்லன்னா பட்டனை அழுத்துவாங்க. மேல விளக்கு எரியும், தேவைப்பட்டா லைனே நிக்கும். ஆண்டான்னு சொல்றது அதைத்தான். இப்ப ஒரு மேனேஜர், அடிக்கடி விளக்கு எரியறது பிடிக்காம வயரை வெட்டிட்டார்னு வச்சுக்கோங்க. கோளாறு அப்படியே இருக்கும். போர்டுல மட்டும் எல்லாம் பச்சை. சாஃப்ட்வேர்ல இதுக்கு சைலண்ட் ஃபெயிலியர்னு பேரு. எரர் வந்தா தேடிச் சரி பண்ணலாம். எரரே காட்டாம உடையற சிஸ்டம்தான் நம்ம தூக்கத்தைக் கெடுக்கும்.

1975: முதல்ல கரண்ட், அப்புறம் காகிதம்

1975 ஜூன் 12. ரேபரேலி தொகுதியில பிரதமர் இந்திரா காந்தி ஜெயிச்சது செல்லாதுன்னு அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுது. ஜூன் 25 ராத்திரி, அரசமைப்பின் 352வது பிரிவுப்படி நெருக்கடி நிலை அறிவிக்கப்படுது. அதே ராத்திரி டெல்லியில பத்திரிகை ஆபீஸ்கள் இருக்கிற தெருவுல கரண்ட்டை நிறுத்திட்டாங்க. மறுநாள் காலையில பல பேப்பர்கள் வரவே இல்லை.

அடுத்து முன்தணிக்கை. அதாவது, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே செய்தியை அதிகாரிகிட்ட காட்டி அனுமதி வாங்கணும். ஜூன் 28 அன்னைக்கு இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கம் போடற இடத்தை வெறுமையா விட்டுச்சு. வெள்ளைக் காகிதம்தான். ஆனா, 'இங்க ஏதோ இருந்துச்சு, எடுத்துட்டாங்க'ன்னு அந்த வெள்ளை வாசகர்கிட்ட சொல்லிடுச்சு. எரர் மெசேஜ் மாதிரி.

அரசாங்கத்துக்கும் அது புரிஞ்சுது. அதனால வெற்றிடம் விடக்கூடாது, தலையங்கம் வர்ற இடத்தைப் பெரியவங்க பொன்மொழிகளால நிரப்பவும் கூடாதுன்னு தணிக்கை விதிகள் வந்துச்சு. செய்தியை எடுக்கிறதோட வேலை முடியல. எடுத்த தடமும் தெரியக்கூடாது. படிக்கிறவங்க கையில இருக்கிறது முழுப் பேப்பர்னு அவங்க நம்பணும்.

இது நடந்துட்டு இருக்கும்போதே மத்த வேலைகளும் நடந்துச்சு, எல்லாம் சட்டப்படி. பிரதமரோட தேர்தலைக் கோர்ட் விசாரிக்க முடியாதபடி 39வது திருத்தம், ஆகஸ்ட் 1975ல. பிரஸ் கவுன்சில் கலைப்பு. நாலு செய்தி நிறுவனங்களைச் சேர்த்து 'சமாச்சார்'னு ஒண்ணே ஒண்ணு, 1976ல. மக்களவையோட ஆயுள் நீட்டிப்பு. மிசாவுல பிடிச்சுட்டுப் போனவங்க 'என்னை ஏன் அடைச்சீங்க'ன்னு கோர்ட்டுல கேட்கவும் முடியாதுன்னு 1976 ஏப்ரல் 28ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. அஞ்சு நீதிபதிகள்ல எச்.ஆர். கன்னா ஒருத்தர் மட்டும் மறுத்தார்.

ஒரே நாள்ல ஜனநாயகம் செத்துப்போகலை, கவனிச்சீங்களா? ஒவ்வொரு படிக்கும் ஒரு சட்ட எண் இருந்துச்சு. அதைச் சத்தமா சொல்ல வேண்டியவங்க வாய் மட்டும் முதல் நாளே கட்டப்பட்டிருந்துச்சு.

முரசொலியில ஒரு பட்டியல்

தமிழ்நாட்டுல அப்போ கலைஞர் ஆட்சி. நெருக்கடி நிலையை எதிர்த்து திமுக தீர்மானமே போட்டிருந்துச்சு. 1976 ஜனவரி 31 அன்னைக்கு ஆட்சி கலைக்கப்பட்டது, உடனே கைதுகள். யார் யாரைப் பிடிச்சாங்கன்னு பேப்பர்ல போட முடியாது, சென்சார். அப்ப வீட்டுக்காரங்களுக்கும் கட்சிக்காரங்களுக்கும் எப்படித் தெரியும்?

பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்னைக்கு முரசொலியில கலைஞர் ஒரு பட்டியல் வெளியிட்டார். அண்ணா நினைவிடத்துல மலர் வளையம் வைக்க வர முடியாதவங்க யார் யார்னு, மாவட்டவாரியா பேரு. கைதுங்கிற வார்த்தையே அதுல இல்லை. சென்சார் அதிகாரி பார்வையில அது ஒரு அஞ்சலிச் செய்தி. படிச்சவங்களுக்கு அதுதான் கைதானவங்க பட்டியல்.

என் ஃபீல்டு பாஷையில சொன்னா, ஃபில்டருக்கு வார்த்தைதான் தெரியும். வாசகருக்குச் சூழ்நிலையும் தெரியும். அந்த இடைவெளியில ஒரு செய்தி தப்பிச்சு வெளிய வந்துடுச்சு.

ஆனா எல்லாம் அப்படித் தப்பிச்சு வரலை. சென்னை மத்திய சிறையில மிசா கைதிகளை அடிச்சாங்க. பிற்காலத்துல முதல்வரான மு.க. ஸ்டாலினும் அங்க இருந்தார். அவரைக் காப்பாத்தக் குறுக்க வந்து அடி வாங்கினவர் சிட்டிபாபு, சென்னையோட முன்னாள் மேயர். உடம்பு தேறாமலே 1977 ஜனவரியில இறந்துட்டார். அவர் அப்போ செங்கல்பட்டு எம்.பி. நம்ம இருங்காட்டுக்கோட்டையும் அன்னைக்கு செங்கல்பட்டு மாவட்டம்தான். பக்கத்துத் தொகுதி எம்.பி.க்கு சிறையில என்ன நடந்துச்சுன்னு மக்களுக்கு அதிகாரபூர்வமா தெரிய வந்தது, 1977ல நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரிச்ச பிறகு.

பச்சை போர்டை நம்பினவங்க

1977 ஜனவரியில இந்திரா காந்தி தேர்தலை அறிவிச்சார். ஜெயிச்சுடுவோம்னு நம்பித்தான் அறிவிச்சார்னு அந்தக் காலத்தைப் பத்தி எழுதின பலரும் சொல்றாங்க. பேப்பர்ல எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு! மார்ச்ல ரிசல்ட் வந்தப்போ உத்தரப்பிரதேசத்துலயும் பீகார்லயும் காங்கிரஸுக்கு ஒரு சீட்டு கூட இல்லை. ரேபரேலியில அவரே தோத்தார்.

தமிழ்நாட்டுல நேர் எதிர். மொத்தம் 39ல 34 இடம் அதிமுக - காங்கிரஸ் கூட்டணிக்கு. எம்.ஜி.ஆர். செல்வாக்கு, திமுக மேல இருந்த ஊழல் புகார்கள்னு இதுக்குப் பல காரணம் உண்டு. வடக்குல நடந்த கட்டாயக் கருத்தடை, வீடு இடிப்பு அளவுக்கு இங்க நடக்கலைங்கிறதும் உண்மை. கூடவே இன்னொண்ணும் இருக்குன்னு நான் நினைக்கிறேன். அங்க இருந்தவங்களுக்கு அது சொந்த உடம்புல பட்டுச்சு, பேப்பர் தேவைப்படலை. இங்க இருந்தவங்களுக்கு அது செய்தியா வந்திருக்கணும், வரலை. தூரத்துல நடக்கிற அநியாயம் நமக்கு எட்டறதுக்கு இருக்கிற ஒரே வயர் செய்திதான்.

2025: ஒரு கார்ட்டூனுக்கு ஒரு முழு தளம்

இப்ப நம்ம காலத்துக்கு வருவோம். 2025 பிப்ரவரியில அமெரிக்கா இந்தியர்களை விலங்கு மாட்டித் திருப்பி அனுப்பினதைப் பத்தி விகடன் பிளஸ் ஒரு கார்ட்டூன் போட்டுச்சு. டிரம்ப் பக்கத்துல பிரதமர் மோடி விலங்கோட உட்கார்ந்திருக்கிற மாதிரி படம். பாஜக தரப்புல மத்திய அரசுக்குப் புகார் போச்சு. பிப்ரவரி 15 சாயங்காலத்துல இருந்து பலருக்கு விகடன் தளமே திறக்கலை. அந்த நேரத்துல விகடன் கையில எந்த உத்தரவும் இல்லை.

ஒரு படத்துக்கு ஏன் முழு தளமும் போச்சு? இதுக்குப் பின்னாடி டெக்னிக்கல் விஷயம் ஒண்ணு இருக்கு. எச்டிடிபிஎஸ் தளத்துக்குப் போகும்போது, நீங்க எந்தத் தளத்துக்குப் போறீங்கங்கிறது உங்க இன்டர்நெட் கம்பெனிக்குப் பொதுவா தெரியும். அதுக்குள்ள எந்தப் பக்கம்கிறது தெரியாது, அது என்கிரிப்ட் ஆகிப் போகுது. அதனால இன்டர்நெட் கம்பெனி வழியா தடுத்தா ஒரு பக்கத்தை மட்டும் தடுக்க முடியாது, முழு தளத்தையும்தான் மூடணும். ஒரு அட்டைப்படத்துக்காக அத்தனை வருஷப் பழைய கட்டுரையும் சேர்ந்து மறைஞ்சு போச்சு.

சட்டம் எதுன்னா, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 69ஏ பிரிவு. ஷ்ரேயா சிங்கால் வழக்குல, 2015ல, இந்தப் பிரிவு செல்லும்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. காரணத்தை எழுத்துல பதிவு பண்ணணும், அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகலாம்கிறதையும் சுட்டிக்காட்டுச்சு. சிக்கல் என்னன்னா, 2009ல வந்த விதிகள்ல 16வது விதி புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமா வச்சுக்கச் சொல்லுது. உத்தரவு என்னன்னே தெரியாம எதை எதிர்த்து வழக்கு போடறது?

விகடன் போச்சு. மார்ச் 6ல சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் படத்தைத் தற்காலிகமா எடுத்துட்டா தடையை நீக்கணும்னு சொல்லுச்சு. தளம் திரும்ப வந்துச்சு.

இது 1975 தானான்னு கேட்டா, இல்லை. அன்னைக்கு அடைச்சவங்க கோர்ட் கதவைத் தட்ட முடியலை. இன்னைக்கு மூணு வாரத்துக்குள்ள நிவாரணம் கிடைச்சுது. இது ஒரு கட்சியோட குணம் மட்டும்னும் சொல்ல முடியாது. 1987ல, எம்.ஜி.ஆர். ஆட்சியில, ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக இதே விகடனோட ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூணு மாசக் கடுங்காவல் கொடுத்துச்சு. எதிர்ப்பு வலுத்ததும் சில நாள்ல விட்டுட்டாங்க. அப்போ நடந்தது எல்லார் கண்ணு முன்னாடியும் நடந்துச்சு, அதனால எல்லாரும் சத்தம் போட முடிஞ்சுது. 2025ல போன்ல வந்தது வெறும் 'தளத்தை அடைய முடியவில்லை'. நெட் ஸ்லோன்னு நினைச்சு மூடிட்டுப் போனவங்க எத்தனை பேரோ.

451

இணையத்துல 404 எல்லாருக்கும் தெரியும், 'பக்கம் இல்லை'. 451னும் ஒரு எண் இருக்கு: 'சட்டக் காரணங்களுக்காகக் கிடைக்காது'. 2015 டிசம்பர்ல ஒப்புதல் ஆச்சு. புத்தகங்களை எரிக்கிற அரசாங்கத்தைப் பத்தி ரே பிராட்பரி எழுதின நாவலோட பேர்ல இருந்து எடுத்த எண். யார் தடுத்தாங்கங்கிறதையும் அதுல சொல்லலாம். இந்தியன் எக்ஸ்பிரஸ் விட்ட வெள்ளை இடத்தோட இன்னைய வடிவம் இதுதான். தடுத்தா தடுத்தேன்னு எழுதுங்க. எந்தச் சட்டம், யார் உத்தரவுன்னு போடுங்க. நாம அரசாங்கத்துக்கிட்ட கேட்க வேண்டிய குறைந்தபட்சம் அது.

நம்ம பக்கம் செய்யறதுக்கும் இருக்கு. ஒரு செய்தித் தளம் திடீர்னு திறக்கலன்னா, வேற கம்பெனி சிம்ல இருக்கிற நண்பரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க. ஒருத்தருக்கு வந்து இன்னொருத்தருக்கு வரலைன்னா, பிரச்சினை சர்வர்ல இல்லாம நடுவுல இருக்க வாய்ப்பு அதிகம். முக்கியம்னு தோணற கட்டுரைக்கு ஒரு காப்பி வச்சுக்கோங்க.

காப்பியோட மதிப்புக்கு ஒரு உதாரணம் சொல்லி முடிச்சுக்கறேன். நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரிச்சது ஷா கமிஷன். ஒரு லட்சத்துக்கும் மேல பேரை விசாரணை இல்லாம அடைச்சு வச்சிருந்ததைப் பதிவு பண்ணினது அந்த அறிக்கைதான். 1980ல இந்திரா காந்தி திரும்ப ஆட்சிக்கு வந்த பிறகு அது கிடைக்கிறதே அரிதாகிடுச்சு. தமிழ்நாட்டைச் சேர்ந்த முன்னாள் எம்.பி. இரா. செழியன் வீட்டுல ஒரு பிரதி பத்திரமா இருந்துச்சு. 2010ல அதை வச்சுத்தான் அறிக்கையை அவர் மறுபடியும் புத்தகமா கொண்டு வந்தார்.

அடுத்த எபிசோடுல இதோட தொடர்ச்சியா இன்டர்நெட் ஷட்டவுன் பத்திப் பேசலாம். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க.