மூச்சை அடைக்கும் பூஞ்சை

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களில், குழந்தை மூச்சிழுக்கையில் கீச்சொலி எழுந்தால், தொண்டையில் ஏதோ சிக்கியது என்றோ சளி என்றோ நாம் கருதுகிறோம். பெரும்பாலும் அது சரியே. ஆயின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து பெறும் குழந்தையிடம் அக்கணிப்புப் பிழைபடலாம். வெள்ளணுக்கள் குன்றிய உடலில், வாயில் அடங்கிக் கிடந்த காண்டிடா பூஞ்சை குரல்வளை மூடியை வீங்கச் செய்யலாம். காற்றில் மிதக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் மூச்சுக்குழலில் படலமாய்ப் படியலாம். பாக்டீரியாவை அழிக்கும் மருந்து பூஞ்சையை அழிக்காது. எதிர்க்கும் அணுக்கள் இன்மையால் நோயின் அடையாளங்களும் மங்கிவிடும். சிலவேளை காய்ச்சல் மட்டுமே தெரியும்.

எனவே கரண்டியால் நாவை அழுத்திப் பார்த்தலும் படுக்கவைத்தலும் கூடா. குழந்தையை அமர்ந்த நிலையிலேயே 108 வண்டியில் ஏற்றி, ஜிப்மர் போன்ற பெருமருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அங்கு நாம் முதலில் கூறவேண்டியது, குழந்தை பெற்றுவரும் புற்றுநோய் மருந்தைப் பற்றியே.