வீடு தேடி வரும் காலேஜ்!

வாத்தியார் ஓர் ஊரில் இருக்கிறார். மாணவர் வேறு ஊரில் இருக்கிறார். இருவருக்கும் நடுவே ஒரு சமுத்திரம் கூட இருக்கலாம்.

ஆனாலும் பாடம் நடக்கிறது. கட்டுரை திருத்தப்படுகிறது. மார்க் வருகிறது. கடைசியில் பட்டமும் கிடைக்கிறது!

இது கதை அல்ல. இன்று பல நாடுகளில் நடக்கும் காரியம். கம்ப்யூட்டரும் இண்டர்நெட்டும் இதைச் செய்கின்றன. இதற்கு "ஆன்லைன் படிப்பு" என்று பெயர்.

இப்படி வீட்டில் இருந்தபடியே வாங்கக்கூடிய பட்டங்களில் ஒன்று "கல்வித் தொழில்நுட்ப முதுகலைப் பட்டம்". பெரும்பாலும் ஆசிரியர்களே இதைப் படிக்கிறார்கள்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். விஷயம் எளிமையானதுதான்.

கரும்பலகை ஒரு கருவி. பாடப் புத்தகம் ஒரு கருவி. ரேடியோ, டெலிவிஷன், கம்ப்யூட்டர், செல்போன் எல்லாம் கருவிகளே. எந்தக் கருவியை, எந்தப் பிள்ளைக்கு, எதற்காகக் கொடுப்பது? எப்போது கொடுக்காமல் இருப்பது? இதைச் சொல்லிக் கொடுப்பதுதான் இந்தப் படிப்பு.

வான்கூவர் பட்டம்

கனடா நாட்டின் மேற்குக் கரையில் வான்கூவர் என்ற நகரம் இருக்கிறது. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் மலை. அங்கே உள்ள பெரிய பல்கலைக்கழகம், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம்.

2002-ம் ஆண்டில் அந்தப் பல்கலைக்கழகம் இந்தப் பட்டத்தைத் தொடங்கியது. மெக்சிகோ நாட்டின் மான்டெர்ரே தொழில்நுட்பக் கல்வி நிலையம் அதற்குக் கூட்டாளியாக இருந்தது.

மொத்தம் 10 பாடங்கள். எல்லாமே ஆன்லைனில்தான். மாணவர் ஒரு நாள் கூட வான்கூவருக்குப் போக வேண்டியது இல்லை. வேலையை விட வேண்டியதும் இல்லை. பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பவர், இரவில் மாணவராக மாறிவிடுகிறார்!

கடைசி பெஞ்சு கிடையாது

வகுப்பு எப்படி நடக்கிறது?

வாரத் தொடக்கத்தில் பேராசிரியர் பாடத்தைப் போடுவார். படிக்க வேண்டிய கட்டுரைகள் இருக்கும். பார்க்க வேண்டிய படம் இருக்கும். கூடவே ஒரு கேள்வியும் இருக்கும்.

மாணவர்கள் அதைப் படித்துவிட்டுத் தங்கள் கருத்தை எழுத வேண்டும். எழுதியதை வகுப்பில் உள்ள எல்லோரும் படிப்பார்கள். "நீங்கள் சொல்வது சரி", "இந்த இடத்தில் தவறு" என்று பதில் எழுதுவார்கள். அதற்கு மறு பதிலும் எழுத வேண்டும்.

ஒருவர் ஊரில் இரவு. இன்னொருவர் ஊரில் பகல். அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. ஆனால் கெடு உண்டு. கெடு தவறினால் மார்க் போய்விடும்.

சாதாரண வகுப்பில் கூச்சம் உள்ளவர்கள் கடைசி பெஞ்சில் மறைந்து கொள்ளலாம். இங்கே அது நடக்காது. எழுதினால்தான் ஆள் வந்திருக்கிறார் என்று தெரியும்!

மனப்பாடம் செய்து ஒப்பிப்பதற்கு இங்கே வேலை இல்லை. மாணவர் தாமே ஒரு பாடம் தயாரிக்க வேண்டும். ஆன்லைன் வகுப்பு ஒன்றை அமைத்துக் காட்ட வேண்டும். முதல் நாள் இரவு கற்றதை மறுநாள் காலையில் தம் பள்ளிப் பிள்ளைகளிடமே சோதித்துப் பார்க்கலாம். இந்த வசதி, வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறவர்களுக்குக் கிடையாது.

இதனால் பணப் பலனும் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஆசிரியர்களின் தகுதியைப் படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதுகலைப் பட்டம் வாங்கியவர் 5-வது படியில் இருந்து 6-வது படிக்குப் போகலாம். சம்பளமும் கூடும்.

தபாலில் வந்த பாடம்

தூரத்தில் இருந்து படிப்பது ஒன்றும் புதிது அல்ல.

1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குத் தபால் அனுப்பும் வசதி வந்தது. ஐசக் பிட்மன் என்பவர் அதைப் பயன்படுத்திக் கொண்டார். அவர்தான் சுருக்கெழுத்து முறை ஒன்றைக் கண்டுபிடித்தவர். தபால் அட்டையில் சுருக்கெழுத்துப் பாடம் அனுப்பினார். மாணவர்கள் எழுதி அனுப்பியதைத் திருத்தித் திருப்பி அனுப்பினார்.

அதாவது, போனது பாடம் மட்டும் அல்ல. திருத்தமும் போனது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

பிறகு ரேடியோ வந்தது. டெலிவிஷன் வந்தது. 1969-ல் பிரிட்டனில் "திறந்த பல்கலைக்கழகம்" அமைக்கப்பட்டது. பிரதமர் ஹெரால்டு வில்சனின் எண்ணம் அது. அதைப் பாடுபட்டு நிறைவேற்றியவர் ஜென்னி லீ என்ற பெண் மந்திரி. அவர் ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள்!

1971-ல் பாடம் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே சுமார் 25 ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். முன்பு படித்த படிப்பு எவ்வளவு என்று கேட்கவில்லை. தபாலில் புத்தகம் வந்தது. டெலிவிஷனில் பாடம் வந்தது. ஊருக்கு ஊர் வழிகாட்டும் ஆசிரியர்களும் இருந்தார்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் தொடக்கத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஒருவர் டோனி பேட்ஸ். பிறகு அவர் கனடாவுக்குப் போனார். 1995-ல் வான்கூவர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே இந்தப் பட்டப்படிப்பு உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு.

இந்தியாவிலும் 1962-ல் டெல்லி பல்கலைக்கழகம் தபால் மூலம் பாடம் தொடங்கியது. 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்த பல்கலைக்கழகம் அமைந்தது.

எடிசன் சொன்னது பலிக்கவில்லை

சரி, கருவியைப் பயன்படுத்த ஒரு பட்டம் எதற்கு? வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகள் தாமே கற்றுக் கொள்ள மாட்டார்களா?

இப்படி நினைத்து ஏமாந்தவர்கள் பலர்.

பேசும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த மேதை தாமஸ் எடிசன். 1913-ல் அவர் ஒரு ஜோசியம் சொன்னார். சீக்கிரத்தில் பள்ளிக்கூடங்களில் புத்தகமே இருக்காது, எல்லாவற்றையும் சினிமாப் படமே சொல்லிக் கொடுத்துவிடும் என்றார்.

100 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பிள்ளைகள் இன்னும் புத்தகப் பை சுமந்து கொண்டுதான் போகிறார்கள்!

தென் அமெரிக்காவில் பெரு என்ற நாடு இருக்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு மடிக் கணினி கொடுப்பது என்று அந்த நாட்டு அரசாங்கம் தீர்மானித்தது. லட்சக்கணக்கில் கொடுத்தது.

பலன் என்ன? 319 கிராமப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012-ல் அறிக்கை வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரை இயக்கத் தெரிந்திருந்தது. அறிவுத்திறன் சோதனையிலும் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் கணக்கிலும் மொழியிலும் மார்க் கூடவில்லை!

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2013-ல் இன்னொரு திட்டம் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் "ஐபேட்" என்னும் பலகைக் கணினி கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். மொத்தச் செலவு 100 கோடி டாலருக்கு மேல் என்று கணக்குப் போட்டார்கள்.

பாடத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாதபடி அதில் பூட்டுப் போட்டிருந்தார்கள். சில வாரங்களுக்குள் மாணவர்கள் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டார்கள்! வேறு குழப்பங்களும் சேர்ந்து கொண்டன. 2014-ல் அந்த ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது.

கருவி மீது குற்றம் இல்லை. அதை வைத்து என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசிக்கவில்லை. அதுதான் குற்றம்.

லாரியும் காய்கறியும்

1983-ல் ரிச்சர்டு கிளார்க் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஓர் உவமை சொன்னார்.

கடைக்கு உணவுப் பொருள் லாரியில் வருகிறது. நமக்குச் சத்துக் கொடுப்பது உணவா? லாரியா? உணவுதான். அது போலப் பிள்ளைக்கு அறிவு தருவது பாடமும், அதைச் சொல்லிக் கொடுக்கும் முறையும்தான். டெலிவிஷனும் கம்ப்யூட்டரும் வெறும் லாரி என்றார் அவர்.

ராபர்ட் கோஸ்மா என்ற இன்னொரு அறிஞர் இதை மறுத்தார். சில பாடங்களை இயந்திரத்தால்தான் நன்றாக விளக்க முடியும் என்றார் அவர். அதுவும் நியாயம்தான். இருதயம் துடிப்பதை வெறும் வார்த்தையால் சொல்வதைவிட ஓடும் படத்தில் காட்டினால் உடனே புரியும் அல்லவா?

இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. இந்தப் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர்கள் இதைப் படித்து வாதாடுகிறார்கள். படிப்பின் சாரமே அதில்தான் இருக்கிறது. புதிய கருவியைக் கண்டதும் மயங்கக் கூடாது. கண்டதும் வெறுக்கவும் கூடாது.

100-க்கு 3 பேர்!

ஆன்லைன் படிப்பில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பாதியில் விட்டுவிடுவது!

ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் அமெரிக்காவில் புகழ் பெற்றவை. அவை இண்டர்நெட்டில் எல்லோரும் சேரும்படி இலவசப் பாடங்கள் வைத்தன. லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள்.

2017-18-ல் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் தெரியுமா? 100-க்கு சுமார் 3 பேர்தான்! கட்டணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களில் 100-க்கு 46 பேர் முடித்தார்கள்.

பாடம் நல்ல பாடம்தான். ஆனால் "ஏன் இந்த வாரம் எழுதவில்லை?" என்று கேட்க ஆள் இல்லை. பட்டப்படிப்பில் கேட்கும் ஆள் உண்டு. பேராசிரியர் கேட்பார். கூடப் படிப்பவர்கள் கேட்பார்கள். பிட்மன் அனுப்பிய திருத்தத்தின் மகிமையும் இதுதான்.

உதவி ஆசிரியை யார்?

ஒரு வேடிக்கையும் உண்டு.

2016-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்லூரியில் ஓர் ஆன்லைன் வகுப்பு நடந்தது. சுமார் 300 மாணவர்கள். அவர்கள் ஒரு பருவத்தில் கேட்கும் கேள்விகளும் எழுதும் குறிப்புகளும் 10 ஆயிரம் வரை வரும். பேராசிரியர் அசோக் கோயல் பல உதவி ஆசிரியர்களை வைத்திருந்தார். அவர்களில் ஒருத்தியின் பெயர் ஜில் வாட்சன். கேட்ட கேள்விக்கு டக் டக் என்று பதில் சொல்லுவாள்.

பருவத்தின் முடிவில்தான் ரகசியம் வெளியானது. ஜில் வாட்சன் பெண்ணே அல்ல. அது ஒரு கம்ப்யூட்டர்!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 100-க்கு 97 பங்கு நிச்சயம் இருந்தால்தான் அது பதில் சொல்லும்படி வைத்திருந்தார்கள். "கெடு எப்போது?" போன்ற கேள்விகள் அதற்கு. யோசித்துச் சொல்ல வேண்டியவை மனித ஆசிரியர்களுக்கு.

2022-ன் கடைசியில் "சாட்ஜிபிடி" வந்தது. இப்போது கட்டுரையையே இயந்திரம் எழுதித் தருகிறது. அப்படியானால் மாணவர் என்ன கற்றார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாப் பள்ளிகளுக்கும் இன்று இதுதான் தலைவலி. கல்வித் தொழில்நுட்பம் படித்தவர்களிடம்தான் இந்தக் கேள்வி போகிறது.

சேருமுன் கவனியுங்கள்

வீட்டில் யாராவது ஆன்லைன் பட்டம் படிக்க விரும்பினால் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது.

முதலாவது, அங்கீகாரம். இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்கள் ஆன்லைனில் கொடுக்கும் பட்டம், நேரில் படித்து வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் அறிவித்தது. எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தப் பாடத்துக்கு அனுமதி என்ற பட்டியலைப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால், உத்தேசித்துள்ள வேலைக்கு அது செல்லுமா என்று முதலிலேயே விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது, ஆசிரியர். கட்டுரையைத் திருத்துபவர் யார்? கேள்வி கேட்டால் பதில் வருமா? படத்தை ஓடவிட்டுவிட்டுச் சும்மா இருப்பது பாடம் ஆகாது.

மூன்றாவது, நேரம். பட்டம் ஓரிரு மாதத்தில் முடிவது அல்ல. வேலை பார்த்துக் கொண்டே படித்தால் சில ஆண்டுகள் ஆகும். தினமும் இரவில் மேஜையும் விளக்கும் அமைதியும் வேண்டும்.

இந்த மூன்றாவது விஷயம் வீட்டார் கையில் இருக்கிறது. அம்மா படிக்கிறாள் என்றால் அப்பா அடுப்படியைப் பார்த்துக் கொள்ள வேண்டும். அப்பா படிக்கிறார் என்றால் பிள்ளைகள் டெலிவிஷன் சத்தத்தைக் குறைக்க வேண்டும். காலேஜ் வீடு தேடி வரும்போது, வீட்டில் அதற்கு இடம் வேண்டும் அல்லவா?