நாய்க்குப் பத்தியச் சமையல். எஜமானருக்கு நான்கு பிஸ்கட்!

புது தில்லி: வட இந்தியக் குடும்பங்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அடுப்பில் சுட்டெடுக்கும் முதல் ரொட்டி பசுவுக்கு. கடைசி ரொட்டி நாய்க்கு. தலைநகரின் வசதி படைத்த குடியிருப்புகள் சிலவற்றில் அந்த வரிசை இப்போது தலைகீழாகிவிட்டது. காலையில் முதலில் அடுப்பேறுவது நாயின் சமையல்தான்.

எலும்பு நீக்கி வேக வைத்த கோழிக்கறி, பூசணி, கேரட், கொஞ்சம் சோறு. உப்பும் மிளகாயும் சேர்ப்பதில்லை. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதால் அவற்றைப் பக்கத்திலேயே விடுவதில்லை. இவ்வளவு கவனமாக எல்லாவற்றையும் செய்து முடித்த வீட்டுக்காரர், தேநீருடன் நான்கு பிஸ்கட்டுகளை விழுங்கிவிட்டு அலுவலகத்துக்கு ஓடுகிறார். இரவில் அவருக்கு ஓட்டலிலிருந்து வரவழைத்த நூடுல்ஸ்.

நாய்க்கு இயற்கை உணவு என்ற எண்ணம் வலுப்பெற 2007-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் முக்கியக் காரணம். டப்பாக்களில் விற்ற நாய், பூனை உணவுகளில் மெலமைன் என்ற ரசாயனம் கலந்திருந்தது தெரியவந்து, ஏராளமான தயாரிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. அச்சம் நியாயமானதே. ஆனால் வீட்டுச் சமையல் என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைக் கலிபோர்னியா பல்கலைக்கழக (டேவிஸ்) ஆய்வாளர்கள் 2013-ல் பரிசோதித்தனர். அவற்றில் 95 சதவீதக் குறிப்புகளில் அத்தியாவசியச் சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. நாய்க்கும் பாசம் மட்டும் போதாது, கணக்கும் தேவை. அந்தக் கணக்கைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்பவர்தான் தமக்குரிய கணக்கைக் கேட்பதே இல்லை.

மனிதனுக்கான கணக்கும் அச்சில் இருக்கிறது. ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறைகளின்படி, 2,000 கலோரி தேவைப்படும் ஒருவர் நாளொன்றுக்கு 250 கிராம் தானியம், 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 85 கிராம் பருப்பு அல்லது இறைச்சி வகை சாப்பிட வேண்டும். நாட்டின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 சதவீதத்துக்குத் தவறான உணவுப் பழக்கமே காரணம் என்றும் அந்த நிறுவனம் கூறியது.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தில்லியில் பெண்களில் 41.3 சதவீதம் பேரும் ஆண்களில் 38 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். தமிழகம் இதைப் பார்த்துச் சிரிக்க இடமில்லை; அங்கு பெண்கள் 40.4 சதவீதம், ஆண்கள் 37 சதவீதம். சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் இணைந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடி நீரிழிவு நோயாளிகள் இருப்பதாக அது மதிப்பிட்டது.

நாயின் உணவில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் மறுநாளே தெரிந்துவிடும்; வாந்தி, பேதி, அரிப்பு. மனிதனின் உடலோ பத்து, பதினைந்து ஆண்டுகள் பொறுத்துக்கொள்கிறது. மேலும், நாயின் தட்டில் என்ன விழ வேண்டும் என்பதை வேறொருவர் நிதானமாக யோசித்து முடிவு செய்கிறார். மனிதனின் தட்டை முடிவு செய்வது அவனது நாக்கும் விளம்பரமும் நேரமின்மையும்.

அரசின் போக்கும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கிறது. மிகவும் பதப்படுத்தப்பட்ட உணவுகளின் இந்தியச் சந்தை 2006-ல் 90 கோடி டாலராக இருந்து 2019-ல் 3,790 கோடி டாலரானது என்று 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பொருளாதார ஆய்வறிக்கை எச்சரித்தது. இவற்றுக்குக் கூடுதல் வரி விதிக்கலாம் என்றும் யோசனை கூறியது. எட்டு மாதங்கள் கழித்து, செப்டம்பரில், ஜிஎஸ்டி கவுன்சில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் ஆகியவற்றின் வரியை 18 சதவீதத்திலிருந்தும், நூடுல்ஸின் வரியை 12 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதமாகக் குறைத்தது. சர்க்கரை சேர்த்த குளிர்பானங்கள் மட்டும் 40 சதவீத வரியில் சிக்கின. ஒரே அரசின் இரண்டு கைகள்!

பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில் சத்து விவரம் அச்சிடுவது கட்டாயம்தான். சர்க்கரை, உப்பு, கொழுப்பின் அளவு முன்புறத்திலேயே கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பதுதான் சர்ச்சை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 செப்டம்பரில் நட்சத்திரக் குறியீடு தரும் வரைவு விதியை வெளியிட்டது. சர்க்கரை மிகுந்த பண்டத்துக்கும் அது நட்சத்திரத்தைச் சூட்டிவிடும், நேரடி எச்சரிக்கையே தேவை என்று நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்தன. விவகாரம் பொதுநல வழக்காகி, நிபுணர் குழு மூன்று மாதங்களுக்குள் பரிந்துரை அளிக்க வேண்டும் என 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மூன்று மாதம் முடிந்ததும், ஜூலையில், அரசு கேட்டுப் பெற்றது மேலும் மூன்று மாத அவகாசம்.