பொது ஃபோல்டரில் உங்கள் ஆதார்: திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு?

பனமலையிலோ அனந்தபுரத்திலோ ஒருவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கணினி மையத்துக்குப் போனால், ஆதாரும் குடும்ப அட்டையும் வங்கிப் பாஸ்புக்கும் ஸ்கேன் செய்யப்படுகின்றன. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த நகல்கள் கணினியிலேயே தங்கிவிடலாம். விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் உள்ள ஆடிட்டர் அலுவலகம், ஸ்கேன் சென்டர், பள்ளி என எங்கெல்லாம் பல கணினிகள் ஒன்றாக வேலை செய்கின்றனவோ, அங்கெல்லாம் கோப்புகளை ஒரே இடத்தில் வைக்க ஒரு சர்வரோ ‘நாஸ்’ என்னும் சேமிப்புப் பெட்டியோ தேவைப்படுகிறது. அதில் உள்ள எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்பதை நடத்துபவரின் வசதியை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அது ஆவணத்துக்கு உரியவரின் உரிமையைச் சார்ந்தது.

கோப்புகளை இடம் மாற்றும்போதுதான் இந்த உரிமை பெரும்பாலும் கைநழுவுகிறது. விண்டோஸ் சர்வரில் ஒரே டிரைவுக்குள் ஒரு கோப்பை நகர்த்தினால் அதன் பழைய அனுமதிகளும் கூடவே வரும். காப்பி செய்தால் புதிய ஃபோல்டரின் அனுமதிகள் பொருந்தும். ஆகவே எல்லோரும் திறக்கும் ஃபோல்டரிலிருந்து பூட்டிய ஃபோல்டருக்கு நகர்த்திய கோப்பு பூட்டப்பட்டுவிட்டது என்று நம்பிவிட முடியாது. அனுமதியைத் திறந்து பார்த்தே உறுதி செய்ய வேண்டும். பெரிய கோப்புகளைக் ‘கட்’ செய்து ஒட்டாமல், முதலில் காப்பி செய்து, சரிபார்த்து, அதன் பிறகே பழையதை நீக்குவது நல்லது. நெட்வொர்க் வழியாக அழித்த கோப்பு நம் கணினியின் ரீசைக்கிள் பின்னுக்கு வருவதில்லை.

“சின்னக் கடை, இதை யார் குறிவைக்கப் போகிறார்கள்?” என்று கேட்பார்கள். 2021 ஏப்ரலில் பரவிய க்யூலாக்கர் என்னும் பணம் பறிக்கும் மென்பொருள், கடை சிறிதா பெரிதா என்று பார்க்கவில்லை. இணையத்துக்குத் திறந்திருந்த க்யூநாப் நிறுவனத்தின் சேமிப்புப் பெட்டிகளில் புகுந்து, கோப்புகளைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிப் பணம் கேட்டது. பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கியதற்கு, நெட்வொர்க்கை முறையாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தனித்தனிப் பாஸ்வேர்டு வைத்தால் வேலை தாமதமாகும் என்பது அடுத்த மறுப்பு. ஊழியர்களைக் குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு முறை அனுமதி கொடுத்துவிட்டால் அந்தத் தாமதம் இல்லை. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே முடக்கவும் தனித்தனிக் கணக்கே வழி. பொதுப் பாஸ்வேர்டு என்றால் போனவருக்கும் அது தெரிந்தேதான் இருக்கும்.

சட்டமும் இதைக் கடமையாகவே பார்க்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43ஏ பிரிவு, வங்கி, மருத்துவ விவரம் போன்ற அந்தரங்கத் தகவல்களைக் கவனக்குறைவாக வைத்திருந்து இழப்பு உண்டாக்கும் நிறுவனத்தை இழப்பீடு தரச் சொல்கிறது. தனிநபர் நடத்தும் கடையும் அதில் அடங்கும். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் தீர்ப்பு அலுவலராக விசாரிக்கிறார். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலைத் திரும்பப் பெறவும் தரவை நீக்கக் கோரவும் உரிமை தருகிறது. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அதன் முக்கியப் பிரிவுகள், 2025 நவம்பரில் வெளியான அறிவிக்கையிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும் வகையில் வகுக்கப்பட்டுள்ளன.

பூட்டு மட்டும் போதாது, இன்னொரு நகலும் வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் தரையோடு இருக்கும் பெட்டிக்குள் எத்தனை ஹார்ட் டிஸ்க் இருந்தாலும் எல்லாமே ஒன்றாக நனையும். நடத்துபவர்கள் ஒரு பேக்கப்பை வேறு இடத்தில், நெட்வொர்க்கிலிருந்து துண்டித்து வையுங்கள். வேலை முடிந்த ஆவணங்களை நீக்குங்கள். பொதுமக்கள், ஏற்கப்படும் இடங்களில் முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதார் நகலையே கொடுங்கள். விண்ணப்பம் முடிந்ததும் ஸ்கேனை உங்கள் கண் முன்னே அழிக்கச் சொல்லுங்கள். இணைய மோசடியில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள். அழிக்கச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம். அந்தத் தாள் உங்களுடையது.