சிரட்டையில் பழம், எதிரே கேமரா: அந்த 40 விநாடி வீடியோவுக்குள் என்னென்ன இருக்கிறது தெரியுமா?

குருவிகளுக்கு வீடியோ போட்டுக் காட்டி, எதைத் தின்னக் கூடாது என்று பாடம் நடத்தியிருக்கிறார்கள், தெரியுமா? கற்பனை இல்லை, 2020இல் வெளிவந்த ஆய்வு! பின்லாந்தின் கொன்னெவெசி ஆய்வு நிலையத்தில் நடந்தது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் பின்லாந்து ஆய்வாளர்களும் பாதாம் சீவல்களைச் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களில் மடித்தார்கள். சில பொட்டலங்களில் மட்டும் கடும் கசப்பு. அவற்றின் மேல் ஒரு சதுரக் குறி. ஒரு குருவி அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கிறது, கொத்துகிறது. கசப்பு ஏறியதும் தலையை உதறுகிறது; உட்கார்ந்திருக்கும் குச்சியில் அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய் தேய் என்று தேய்க்கிறது. இதைப் படம் பிடித்து வேறொரு குருவிக்கு எதிரே திரையில் ஓடவிட்டார்கள். பார்த்த குருவிகள், தங்கள் முறை வந்தபோது, சதுரம் போட்ட பொட்டலங்களைக் குறைவாகவே தொட்டன!

அதில் இன்னொரு விந்தை. நீலச்சிட்டுகள் தங்கள் இனத்துக் குருவி நடித்த வீடியோவில்தான் நன்றாகக் கற்றன. பெரிய பட்டாணிக் குருவிகளுக்கோ யார் நடித்தாலும் சரிதான். அந்தப் பட்டாணிக் குருவிக்கு நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா? இலங்கை மலைநாட்டின் ராகலைப் பக்கம் மரக்கிளைகளில் தலைகீழாகத் தொங்கிப் புழு பொறுக்குமே, நம் சாம்பல் பட்டாணிக் குருவி, அதுதான்!

சரி, மனிதருக்கான வீடியோவுக்கு வருவோம். போனைத் திறந்தால் வந்து விழுகின்றனவே, ‘வீட்டுத் தோட்டத்துக்குக் குருவிகளை வரவழைப்பது எப்படி?’ என்று. அதில் ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முதல் மூன்று விநாடியிலேயே குருவி வந்து தின்றுகொண்டிருக்கும். முடிவுதான் முதலில்! விரல் அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடாமல் பிடித்து வைக்கும் வேலை அது. அப்புறம் இரண்டு கைகள்: ஒரு தேங்காய்ச் சிரட்டை, அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய ஆணி, விளிம்பில் மூன்று துளை, மூன்று கயிறு, கொய்யாக் கொப்பில் ஒரு முடிச்சு, பாதி உரித்த வாழைப்பழம். கை விலகியதும் ஒரு வெட்டு. அடுத்த ஷாட்டில் கொண்டைக்குருவி உட்கார்ந்திருக்கும்!

அந்த ஒரு வெட்டுக்குள் எத்தனை நாள் ஒளிந்திருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? புதிதாகத் தொங்கும் எதையும் குருவிகள் உடனே நம்புவதில்லை. வாரக்கணக்கில்கூட எட்ட இருந்தே நோட்டம் பார்க்கும். அதற்குள் பழம் கறுக்கும், எறும்பு மொய்க்கும், குரங்கு வந்து சிரட்டையோடு பிடுங்கிக்கொண்டு போகும், மழை கொட்டும். அத்தனையும் எடிட்டிங்கில் காணாமல் போய்விடும். வீடியோவைப் பார்த்து ஆசையாகச் சிரட்டை கட்டிய பிள்ளை, மூன்றாம் நாளும் ஒன்றும் வரவில்லையே என்று அவிழ்த்து எறிந்துவிடுவது இதனால்தான். ‘சில வாரம் பொறுங்கள்’ என்று இரண்டு விநாடி எழுத்து போட்டால் எவ்வளவு நல்லது!

பறந்து வந்து இறங்கியதும் அருகில் தின்பதும் ஒரே குருவி என்று நினைத்தீர்களா? ஒரு போன்தான் இருக்கிறதென்றால், தூரத்து ஷாட்டும் கிட்டத்து ஷாட்டும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. காலையில் வந்ததையும் மாலையில் வந்ததையும் ஒட்டித்தான் ‘ஒரு’ குருவி உருவாகிறது. கூட்டம் கூட்டமாக வரும் வெள்ளைக்கண்ணி என்றால் வசதியோ வசதி. எது எதென்று யாராலும் சொல்ல முடியாது.

அனுபவப்பட்டவர்கள் முதல் நாளே கேமராவை வைக்க மாட்டார்கள். அதே அளவில் ஒரு வெறும் பெட்டியை அந்த இடத்தில் வைத்து, குருவிகளுக்குப் பழக்கிவிட்டுத்தான் அசல் கேமராவைக் கொண்டுவருவார்கள். இந்த வித்தை புதிதும் இல்லை. 1892இல் முட்டைகளோடு ஒரு கூட்டை இருந்த இடத்திலேயே படமெடுத்த இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள், குருவிகளை நெருங்குவதற்காக என்ன செய்தார்கள் தெரியுமா? பாடம் பண்ணிய மாட்டுத் தோலுக்குள் புகுந்துகொண்டு, உள்ளிருந்தே கேமராவை நீட்டினார்கள்!

சத்தம் இன்னும் பெரிய ஆச்சரியம். தூரத்திலிருந்து பெரிதாக்கி எடுக்கும் லென்ஸ், சிறகைக் கிட்டக் கொண்டுவரும்; சிறகடிப்பின் ஓசையைக் கொண்டுவராது. இயற்கைப் படங்களில் நீங்கள் கேட்கும் ‘படபட’ பல நேரம் ஸ்டூடியோவில் ஒருவர் தோல் கையுறையை உதறி எழுப்பியது! உண்மையான பறவைக் குரல் முதன்முதலில் பதிவானது 1889இல், ஜெர்மனியில். பதிவு செய்தவர் லுட்விக் கோச். அப்போது அவர் எட்டு வயதுப் பையன்! அந்தப் பதிவில் பாடியது ஐரோப்பியப் பறவை அல்ல. சோலைபாடி! இந்தியக் காடுகளில் பாடும் அதே இனம்.

கண் விஷயத்துக்கு வாருங்கள். போன்களின் ‘ஸ்லோமோஷன்’ விநாடிக்கு 240 படங்கள் எடுத்து, 30 படங்களாக ஓட்டுகிறது. எட்டு மடங்கு மெதுவாகிறது. அதனால்தான் தேன்சிட்டின் சிறகு நமக்குத் தெரிகிறது. ஆனால் குருவிகள் கருவி இல்லாமலே நம்மைவிட வேகமாகப் பார்க்கின்றன! 2016இல் சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் அளந்தார்கள். வெளிச்சம் விநாடிக்கு ஏறக்குறைய 60 முறை மினுங்கினாலே நமக்கு அது நிலையான ஒளியாகிவிடும். கறுப்பு வெள்ளை ஈபிடிப்பான் ஒன்று 146 முறை வரை மினுக்கத்தைத் தனித்தனியாகக் கண்டது! இலங்கையின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே மலிவான பல்புகள் பல விநாடிக்கு 100 முறை மினுங்கும். நமக்கு அது அமைதியான வெளிச்சம், அந்த ஈபிடிப்பானுக்கு ஓயாத சிமிட்டல். இரவில் இஸ்தோப்பு பல்பின் கீழ் ஸ்லோமோஷன் எடுத்துப் பாருங்கள், கோடு கோடாக ஓடுமே, அதுதான்.

அந்த ஈபிடிப்பானின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு பறவை ஆண்டுதோறும் நம் மலைக்கே வருகிறது என்று தெரியுமா? காஷ்மீர் ஈபிடிப்பான்! இமயமலைப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இலங்கையின் மலைநாட்டுக்கும் நீலகிரிக்கும் வந்து தங்கும். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் அதைப் பார்க்கவென்றே வெளிநாட்டுக்காரர்கள் பைனாகுலரும் கையுமாக நிற்பார்கள். ஆனால் எந்தச் சிரட்டையும் அதை வரவழைக்காது. அதன் சாப்பாடு பூச்சி. மருந்து அடிக்காத ஒரு வேலி ஓரம்தான் அதற்குப் பந்தி. எந்த வீடியோவிலும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை. வெறும் வேலியைக் காட்டினால் யார் பார்ப்பார்கள் என்று விட்டுவிடுகிறார்கள் போலும்.

உலகம் சுற்றும் தீனி வீடியோக்களில் பெரும்பாலானவை பனி கொட்டும் நாடுகளில் எடுத்தவை. சூரியகாந்தி விதை, மாட்டுக் கொழுப்பு உருண்டை என்று அடுக்குவார்கள். அந்தக் குருவிகளுக்குக் குளிரில் உடம்புச் சூடு தேவை. ராகலையில் கொண்டைக்குருவிக்கும் வெள்ளைக்கண்ணிக்கும் பழமும் பூச்சியும்தான் பாடு. மரத்தக்காளியை நடுவில் வெட்டி வைத்தாலே போதும். உப்புப் போட்ட கடலையும் பூஞ்சணம் பிடித்த பாணும் எந்த ஊரிலும் வேண்டாம்.

அரிசி போட்டால் குருவியின் வயிறு வெடித்துவிடும் என்று வீடியோக்களில் கேட்டிருப்பீர்கள். அப்பட்டமான பொய்! 1985இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இதை நம்பி, திருமணங்களில் அரிசி தூவத் தடை கேட்டுச் சட்ட முன்வரைவே கொண்டுவந்தார்கள். பறவை அறிஞர்கள் மறுத்துவிட்டார்கள். வயலில் பச்சை நெல்லைத் தின்று வாழும் பறவைகள் எத்தனை! சென்னை ராயப்பேட்டையில் ஜோசப் சேகர் ஊற வைத்த அரிசியைப் பலகைகளில் பரப்பி வைத்தபோது, மொட்டை மாடிக்குப் பச்சைக் கிளிகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தொடங்கிய வரவு அது. அவருடைய தொழில் என்ன தெரியுமா? கேமரா பழுது பார்ப்பது! பழைய கேமராக்களைத் தேடிச் சேர்த்தவரும்கூட.

2020 மே மாதம், நாசாவில் வேலை பார்த்த மார்க் ரோபர் குருவித் தீனியை அணில்கள் திருடாமல் காக்க ஒரு தடைப் பாதை கட்டி வீடியோ போட்டார். 10 கோடிக்கும் மேல் பார்வைகள்! தலைப்பில் குருவித் தீனி, கதாநாயகர்களோ அணில்கள். தூக்கி எறியப்பட்ட அணில் காற்றிலேயே தலையைத் திருப்பி, இறங்கும் இடத்தைக் குறிபார்த்து, அதற்கேற்ப உடம்பைச் சுழற்றுவது அதில் துல்லியமாகத் தெரியும். இங்கிலாந்தின் கார்ன்வாலில் பால் டின்னிங் எடுக்கும் பல மணி நேரக் குருவி வீடியோக்களுக்கு யார் ரசிகர்கள் தெரியுமா? பூனைகள்! வீட்டுப் பூனைகள் பார்ப்பதற்கென்றே அவர் அவற்றை வெளியிடுகிறார்.

இப்போது மிக முக்கியமானது. வீடியோக்களில் தீனி வைப்பது ஏன் எப்போதும் தட்டையான பலகையில்? கேமராவுக்கு அதுதான் பிடிக்கும். குருவி அசையாமல் நடுவில் நிற்கும், ஃபோகஸ் தப்பாது, பின்னால் பச்சை. ஆனால் குருவிகள் நின்ற இடத்திலேயே எச்சமிடும், ஒன்றின் எச்சில் பட்ட தீனியை இன்னொன்று தின்னும். 2005இலிருந்து பிரிட்டனில் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியால் வரும் நோய் இப்படிப் பரவி, பச்சைச்சிட்டுகளை அள்ளிக்கொண்டு போனது. 2021இல் அவை ஆபத்துக்குள்ளான பறவைகளின் சிவப்புப் பட்டியலுக்கே போய்விட்டன. 1889இல் பிறந்த பிரிட்டனின் அரச பறவைப் பாதுகாப்புச் சங்கம் 2025 ஜனவரியில் தட்டையான தீனி மேசைகளின் விற்பனையை நிறுத்தி வைத்தது! கேமராவுக்குப் பிடித்த மேசை குருவிக்கு நோய் மேசை.

அதனால் எடிட்டிங்கில் வெட்டக் கூடாத ஒரு ஷாட் இருக்கிறதென்றால் அது கழுவும் ஷாட்தான். சிரட்டையை அவிழ்த்து, பழைய பழத்தைக் கொட்டி, தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்து, மறுபடி கட்டுவது. அலுப்பாகத் தெரியும் அந்தப் பத்து விநாடியில்தான் குருவியின் உயிர் இருக்கிறது. நோயுற்ற குருவி ஒன்று சிலிர்த்துப்போய் உட்கார்ந்திருப்பதைக் கண்டால் கொஞ்ச நாள் தீனியையே நிறுத்திவிட வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

வெட்டே இல்லாத வீடியோவும் உண்டு. பனாமாவின் எல் வாயே ஊரில் உள்ள கனோப்பி லாட்ஜில் ஒரு பழ மேசை. அமெரிக்காவின் கார்னெல் பறவை ஆய்வகம் அதை நேரலையாகக் காட்டுகிறது. ஒன்றும் வராத வெறும் மேசையும் தெரியும், வாழைப்பழத்துக்குப் பறவைகள் அடித்துக்கொள்வதும் தெரியும். ராகலைக்கு மிகவும் பொருத்தமான பாடம் அதுதான் என்பேன், எல் வாயேயும் பழந்தின்னிகள் வாழும் பசுமையான மலை என்பதால்.

அப்படி ஒரு போனை நம் இஸ்தோப்பில் நிறுத்தினால் என்ன பதிவாகும் தெரியுமா? காதோரம் மஞ்சள் குஞ்சம் வைத்த மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி! நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி என்று இந்த மலைகளில் இயல்பாகத் திரியும். தேயிலைத் தோட்டம் ஒன்றில் 1891இல் பிறந்த ஜி.எம்.ஹென்றி, தாமே படங்கள் வரைந்து 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் கையேட்டிலும் அதற்கு இடமுண்டு. இலங்கையைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் அது கிடையாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எடுக்கப்பட்ட ஆயிரமாயிரம் தோட்டத்து வீடியோக்களில் ஒன்றில்கூட வராத குருவி, நம் கொய்யா மரத்தில் வந்து உட்காருகிறது. படம் பிடியுங்கள், பெயரையும் எழுதிப் போடுங்கள், கழுவுவதையும் காட்டுங்கள்!