கை சொன்னபடி கேட்கவில்லையா?



கோலி விளையாடியிருக்கிறீர்களா? தூரத்தில் நின்று அடிக்கும்போது தயங்காத கை, குழிக்குப் பக்கத்தில் வந்ததும் நடுங்கும். 'இதுகூடப் போகாவிட்டால் எல்லாரும் சிரிப்பார்களே' என்ற பயம்தான் காரணம். கோல்ப் விளையாட்டிலும் இதே கதைதான்!

கோல்ப் பந்தை முதலில் 200 மீட்டருக்கு மேல் பறக்க அடிப்பார்கள். கடைசியில், ஒட்ட வெட்டிய புல்தரையில் மெல்லத் தட்டி, குழிக்குள் உருட்ட வேண்டும். இந்தத் தட்டலுக்கு, 'பட்' என்று பெயர். குழியின் அகலம் 108 மி.மீ., மட்டுமே.

ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் லாங்கர், 1957ல் பிறந்தவர்; ஒரு கொத்தனாரின் மகன். நன்றாக ஆடிய இவருக்கு இளம் வயதிலேயே ஒரு தொல்லை வந்தது. பந்தைத் தட்டும் நொடியில், கை தானாகவே வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். பந்து எங்கோ ஓடிவிடும். கோல்ப் வீரர்கள் இதை, 'யிப்ஸ்' என்பர்.

லாங்கர் சோர்ந்து போகவில்லை. மட்டையைப் பிடிக்கும் முறையையே மாற்றினார். 1985ல், புகழ் பெற்ற, 'மாஸ்டர்ஸ்' பட்டத்தை வென்றார். ஆனால், தொல்லை மீண்டும் வந்தது. இம்முறை மட்டையின் பிடியை, இடது முன்கையோடு சேர்த்து, வலது கையால் இறுக்கிப் பிடித்தார். இனி மணிக்கட்டு எப்படி வளையும்? தோள் மட்டுமே கடிகார ஊசல் போல ஆடும்!

1991ல் அமெரிக்காவின் கியாவா தீவில், 'ரைடர் கோப்பை' போட்டி. கடைசி ஆட்டம், கடைசிக் குழி. பந்துக்கும், குழிக்கும் இடையே ஏறக்குறைய ஆறடிதான். லாங்கர் தட்டியது உள்ளே போனால், கோப்பை ஐரோப்பாவிடமே இருக்கும். போகவில்லை! கோப்பை அமெரிக்காவுக்குப் போனது.

வேறொருவர் என்றால் மட்டையைத் தூக்கிப் போட்டிருப்பார். லாங்கரோ, அடுத்த வாரமே, 'ஜெர்மன் மாஸ்டர்ஸ்' போட்டியில் வென்றார். 1993ல், முன்கையோடு சேர்த்துப் பிடித்த அதே பிடியுடன் மீண்டும் மாஸ்டர்ஸ் பட்டம் பெற்றார்.

2023ல், 65 வயதில், அமெரிக்க மூத்தோர் தொடரில் தன், 46வது வெற்றியைப் பெற்றுச் சாதனை படைத்தார். அதற்கு முன், 45 வெற்றிகளுடன் முதலிடத்தில் இருந்தவர் யார் தெரியுமா? 1991ல், அந்தக் கடைசி ஆட்டத்தில் லாங்கரை எதிர்த்து ஆடிய ஹேல் இர்வின்!

நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். ஒரு டம்ளரைப் படுக்க வைத்து, ஆறடி தள்ளி ஒரு சிறிய பந்தை வையுங்கள். ஒரு கம்பை எடுத்து, மணிக்கட்டை மட்டும் ஆட்டி, 10 முறை தட்டுங்கள். பிறகு மணிக்கட்டை அசைக்காமல், தோளை மட்டும் ஆட்டி, 10 முறை தட்டுங்கள். எத்தனை உள்ளே போனது என்று எழுதி, ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான் ஆசிரியராக இருந்தபோது, கணக்கைத் தவறாகப் போடும் மாணவனிடம், 'பத்து முறை எழுதி வா' என்பேன். அவனும் எழுதுவான், மறுநாளும் அதே தவறு வரும். 'எந்த வரியில் தடுமாறுகிறாய்?' என்று பக்கத்தில் அமர்ந்து கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

செல்லங்களே, நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். தவறு வந்தால், எங்கே வருகிறது என்று முதலில் தேடுங்கள். அதை மாற்றிவிட்டுப் பயிற்சி செய்யுங்கள். பிறகு பாருங்கள், கை உங்கள் சொல் கேட்கும்!